பழைய சாரத் தொகுதியின் பிரபு

இந்த நாட்டில் என்னை யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொழிற்சாலையில் நான் ஹெர் முருகேசு, அதாவது திருவாளர் முருகேசு. வங்கியில் ஹெர் முருகேசு. பல் வைத்தியரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போதும் ஹெர் முருகேசு. முருகேசு என்பது என் அப்பா. இரண்டு பரப்புக் காணிக்கும் அதன் வடக்கு வேலிக்குமாக வாழ்நாள் முழுக்க வழக்காடி, தீர்ப்பு வருவதற்கு முன்னரே போய்ச் சேர்ந்தவர். என் பெயர் சண்முகலிங்கம். அகதியாக வந்து இறங்கியபோது ஓர் அதிகாரி என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சொல்லிவைத்தேன். அன்று தொடக்கம் நான் அப்பாவின் பெயரில் வரி கட்டுகிறேன், அப்பாவின் பெயரில் காய்ச்சல் லீவு எடுக்கிறேன். காரை வேகமாக ஓட்டிப் பிடிபட்டால் தண்டமும் அவருக்குத்தான் வருகிறது. சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாத மனிதர், பாவம்.

வீட்டுக் கதை இதைவிடக் குழப்பம். என் மனைவி புனிதவதி பின்னால் வந்து சேர்ந்தவள். அவளுடைய பாஸ்போர்ட்டில் கணவன் என்ற முறையில் என் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே அவளுடைய குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். ஆகவே அவள் ஃப்ராவ் சண்முகலிங்கம், அதாவது திருமதி சண்முகலிங்கம். மகள் லக்சாயினி இங்கே பிறந்தபடியால் என் குடும்பப் பெயரை, அதாவது தன் தாத்தாவை, வாங்கிக்கொண்டாள். எங்கள் தபால்பெட்டியில் இரண்டு பெயர்கள் ஒட்டியிருக்கும். கீழ்வீட்டு அம்மாள் வெகுகாலமாக என் மனைவியை எங்கள் அறையொன்றில் வாடகைக்கு இருக்கும் பெண் என்றே நினைத்திருந்தாள்.

ஆக, என் பெயர் சுவிற்சர்லாந்தில் இருந்தது, ஆனால் என்னிடம் இல்லை. அது எனக்கு உள்ளூர அறுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாளாவது ஒரு சபையில், ஒலிவாங்கியில், சண்முகலிங்கம் என்று என்னைக் கூப்பிட வேண்டும், நான் எழுந்து நிற்க வேண்டும். மதிப்பான ஆட்களுக்கு இப்படி ஆசை வராது. எனக்கு வந்தது. வந்தபின் சும்மா இருக்கவும் முடியவில்லை.

இந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியவர் ஓர் ஆங்கிலேயர். பீல் நகரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவன் நான். அதற்கு அடுத்த சின்ன ஊரில் குடியிருக்கிறேன். மாடிவீட்டுக்காரர்களுக்கு ஊரார் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு ஒன்று, ரயில் பாதை ஓரமாக எனக்கும் இருக்கிறது. ஷ்ரேபர்கார்டன் என்பார்கள். பக்கத்துத் துண்டு அந்த ஆங்கிலேயருடையது. முழங்கால் தேய்ந்து, மகளோடு இருக்க நொஷாட்டலுக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை என்னிடம் தந்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் படித்தவன் ஆங்கிலம் வாசிப்பான் என்ற மரியாதை என்று அப்போது நினைத்தேன். பழைய கடதாசியை ஊர் வண்டி வந்து எடுக்கிற நாளை அவர் தவறவிட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

புத்தகங்கள் எல்லாம் ஒரே விஷயம் பற்றியவை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரித்தானியாவை ஆண்ட குடும்பங்களும் அவர்களுடைய நிலபுலன்களும். குளிர்காலம் முழுக்க வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு உண்மை விளங்கியது: நான் பிறக்க வேண்டியது யாழ்ப்பாணத்தில் அல்ல.

என்ன ஆட்கள் அவர்கள்! ஒரு பிரபுவிடம் காணி இருக்கும். காணியில் குடியானவர்கள் இருப்பார்கள். குடியானவர்களிடம் வாக்கு இருக்கும். ஆகவே வாக்கும் பிரபுவுடையது. மகன், மருமகன், மச்சான், ஒன்றுக்கும் உதவாத தம்பி என்று ஒவ்வொருவரையும் ஒவ்வொரு ஆசனத்தில் இருத்துவார். தேர்தல் வந்தால் பெரிய வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு மாட்டிறைச்சியும் பியருமாக ஊருக்கே விருந்து வைப்பார். வாக்கை இரகசியமாகப் போடுவதில்லை. பலர் பார்க்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தமிழில் வாக்கு என்று பெயர் வைத்தவன் இதைப் பார்த்துத்தான் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பெயரிலும் அவர்கள் கெட்டி. சொத்து பெண்வழியாக வந்தால், எடுக்க வருகிறவன் சிலவேளை தன் பெயரை விட்டுவிட்டு அந்தக் குடும்பத்தின் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டுமாம். ஆள் மாறினாலும் பெயர் ஆசனத்தை விட்டு இறங்காது.

இதையெல்லாம் ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு ஊதிவிடும். றேமன்டிடம் சொன்னேன். றேமன்ட் மன்னார்ப் பெடியன், பெடியன் என்றாலும் ஐம்பதைத் தாண்டியவன். நொஷாட்டலில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். பீல், ஃப்ரிபூர்க், நொஷாட்டல் என்று சுற்றுவட்டத் தமிழர்களுக்காக நாங்கள் நடத்தும் ஒன்றியத்தின் செயலாளர். தலைவர் நான். பொங்கலுக்கும் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கும் மண்டபம் எடுக்க ஜேர்மன் மொழியில் தொலைபேசுவதற்கு வேறு யாரும் முன்வராதபடியால் பல வருடங்களாக ஏகமனதாகத் தெரிவாகி வருகிறேன். அதை மக்கள் செல்வாக்கு என்று நம்பியிருந்தேன்.

இங்கிலாந்தில் ஓல்ட் சாரம் என்று ஒரு தொகுதி இருந்ததாம், ஆள் குடியிருக்காத வெறும் மேடு, ஆனாலும் பாராளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பியதாம் என்று றேமன்டுக்கு விளக்கினேன். அவன் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

“பழைய சாரத்துக்கு ரெண்டு எம்பியோ அண்ணை? அப்ப எங்கட வீட்டில கிடக்கிற சாரங்களுக்கு ஒரு மந்திரிசபையே வைக்கலாமே.”

அது இடுப்பில் கட்டுகிற சாரம் அல்ல, ஊர்ப் பெயர் என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அடுத்த கிழமையே ஒன்றியத்தில் எனக்குப் பழைய சாரம் என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே தலைவர், முதுகுக்குப் பின்னால் பழைய சாரம். எப்படிப் பார்த்தாலும் சண்முகலிங்கம் இல்லை.

நான் மனம் தளரவில்லை. பிரபு என்றால் முதலில் காணி வேண்டும். காணி இருந்தது, இரண்டு கார் நிறுத்தலாம் என்கிற அளவுக்கு. பெரிய வீடு வேண்டும். மண்வெட்டி வைக்கிற மரக்கொட்டில் இருந்தது. ஆங்கிலப் பிரபுக்கள் மாளிகை யன்னலிலிருந்து பார்க்கும் காட்சி கெடுகிறது என்று ஒரு முழுக் கிராமத்தையே பெயர்த்து அப்பால் வைத்திருக்கிறார்கள். நான் என் எருக்கும்பியைப் பெயர்த்து அப்பால் வைத்தேன். உடைந்த குளியல் தொட்டி ஒன்றைப் புதைத்துக் குளம் ஆக்கினேன். கத்தரியும் மிளகாயும் நட்ட இடத்தில் பாதியைப் புல்தரை ஆக்கினேன். புனிதவதி ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, இந்த வருடம் மிளகாய்த்தூளுக்குப் புல்லையா இடிக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அரசியல் விளங்காது என்று விட்டுவிட்டேன்.

என் திருத்தங்களில் தலையாயது ஹா-ஹா. சிரிப்பதற்கில்லை, அதன் பெயரே அதுதான். ஆடுமாடு வராமல் தடுக்க வேலி போட்டால் காட்சி மறைந்துவிடும் என்று, பார்வைக்குத் தெரியாதபடி பிரபுக்கள் ஒரு பள்ளம் வெட்டுவார்கள். வேலியோடேயே வாழ்ந்து செத்த முருகேசுவின் மகனுக்கு வேலி இல்லாத எல்லை என்பது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. பக்கத்துத் துண்டுக்குப் புதிதாக வந்தவரின் நாயைத் தடுக்க நானும் ஒன்று வெட்டினேன். நாய் அதைத் தாண்டப் பழகிக்கொண்டது. அதில் விழுந்தது ஃப்ராவ் மோசர்.

ஃப்ராவ் மோசர் எங்கள் ஊரில் ஒரு சின்னக் கட்சியின் தலைவி. இலையுதிர்காலத்தில் ஊர்ச்சபைத் தேர்தல். வேட்பாளர் பட்டியலில் இடம் காலியாக இருக்கிறது, சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்த வெளிநாட்டுக்காரர் ஒருவரும் இருந்தால் நல்லது என்று என்னைக் கேட்க வந்தவர், இடுப்பளவு பள்ளத்தில் நின்றபடியே கேட்டார். கையைக் கொடுத்து மேலே இழுப்பதற்கு முன்னரே நான் சம்மதித்துவிட்டேன். கணுக்காலைத் தடவிக்கொண்டு, ஒரு பெண்ணும் குறைகிறது, யாரையாவது தெரியுமா என்றார். பிரபுவுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றுக்கும் உதவாத தம்பி இல்லாதபடியால் மனைவியைச் சொன்னேன்.

புனிதவதி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, மருந்து கொடுத்து, முதுகு நோக வீட்டுக்கு வருகிறவள். சம்மதப் பத்திரத்தை நீட்டியபோது சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா பட்டியலை நிரப்ப என்றேன். அப்படியென்றால் சரி என்று கையைத் துடைத்துவிட்டுப் போட்டுத் தந்தாள். மூலையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

பிறகு நான் என் எஸ்டேட்டில் விருந்து வைத்தேன். சனிக்கிழமைகளில் ஆட்டிறைச்சியும் கொத்துரொட்டியும் பியரும். ஃப்ரிபூர்க்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். புல்தரை கொள்ளாமல் குளத்துக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கை கழுவும்போது ஒவ்வொருவரும் சொன்னார்கள், “வாக்குத் தாறம் தலைவர்.” நான் ஆங்கிலப் பிரபு தன் குடிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

கடைசி விருந்தில் றேமன்ட்தான் மெல்ல ஒரு கேள்வி கேட்டான். இவ்வளவு பேரில் இந்த ஊரில் வாக்கு உள்ளவர்கள் யார்? எண்ணத் தொடங்கினோம். ஃப்ரிபூர்க்காரருக்கு இங்கே வாக்கில்லை. பீல்காரர் அடுத்த ஊர், வாக்கில்லை. எங்கள் ஊரிலேயே இருப்பவர்களில் பாதிப்பேர் இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. நொஷாட்டலில் பாஸ்போர்ட் இல்லாமலே ஊர்த் தேர்தலில் போடலாம், றேமன்ட் போடுகிறவன், ஆனால் அந்த வாக்கு நொஷாட்டலை விட்டு வெளியே வராது. எஞ்சியவர்களை ஒரு வான் வண்டிக்குள் அடக்கலாம். அதிலும் ஒருவர், வாக்குச்சீட்டுக் கடிதம் தபாலில் விளம்பரத்தோடு வந்ததால் அதையும் சேர்த்துக் கடதாசிக் கட்டில் போட்டுவிட்டார். ஆளில்லாத மேட்டைத்தான் இவ்வளவு நாளும் ஆட்டிறைச்சி போட்டு வளர்த்திருக்கிறேன்.

ஆனாலும் இருக்கிறவர்களை வைத்து வெல்லலாம் என்று கணக்குப் போட்டேன். இங்கே வாக்குச்சீட்டில் ஒரு பெயரை இரண்டு தரம் எழுதலாம், எந்தக் கட்சியின் பட்டியலிலும் எழுதலாம். மற்றப் பெயர்களை வெட்டிவிட்டு என்னை எழுதச் சொன்னேன்.

“சண்முகலிங்கம் எண்டு ரெண்டு தரம் எழுதுங்கோ. வேற ஒண்டும் எழுத வேண்டாம்.”

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் தயாநிதி, முருகேசு என்றும் எழுத வேண்டாமா என்று கேட்டான். வரியிலும் தண்டத்திலும் அப்பா இருந்தது போதும், இந்த ஒரு இடத்திலாவது நான் தனியாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஓர்மம்.

“அப்பருக்கு ஏன் வாக்கு? அவர் தேர்தலில நிக்கேல்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு அரசியல் பேச்சு அது, அதிலேயே தோற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முடிவு வந்தது. புனிதவதி வேலைக்குப் போயிருந்தாள். றேமன்டும் தயாநிதியும் இன்னும் சிலரும் எங்கள் வீட்டு வரவேற்பறையில். நான் கைபேசியில் ஊர்ச்சபையின் பக்கத்தைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனேன். எங்கள் கட்சி. தெரிவானவர்கள். இரண்டு பெயர். அதில் இரண்டாவது: சண்முகலிங்கம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. றேமன்ட் என்னைத் தூக்கப் பார்த்து முடியாமல் கட்டிப்பிடித்தான். ஒன்றியத்தின் பெட்டியிலிருந்து வெகு முன்யோசனையோடு கொண்டுவந்திருந்த பொன்னாடையைப் போர்த்தினார்கள். ஏலக்காய் மாலை ஒன்றும் விழுந்தது. தலைவர் வென்றுவிட்டார் என்று றேமன்ட் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுவிட்டான். லண்டனிலிருந்து ஒருவர் வாழ்த்தினார். அப்போது லக்சாயினியின் அழைப்பு வந்தது. அவள் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள்.

“அப்பா, போனைக் குறுக்கால திருப்பிப் பாருங்கோ.”

திருப்பினேன். நிமிர்ந்திருந்த திரையில் குடும்பப் பெயருக்கு மட்டும்தான் இடம் இருந்திருக்கிறது. திருப்பியதும் பக்கத்தில் இன்னொரு பெயர் வந்து நின்றது: புனிதவதி. கீழே, தெரிவாகாதவர்களில் முதலாவதாக, முருகேசு. எழுதச் சொன்னவர்கள் எல்லாரும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் சண்முகலிங்கம் என்ற குடும்பப் பெயரோடு இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, வேலைச் சப்பாத்தோடு புனிதவதி உள்ளே வந்தாள். மாலையும் ஆடையுமாக நின்ற என்னைப் பார்த்து யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரித்தாள். றேமன்ட் என் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்தான். அவ்வளவு வருட நட்பில் அவன் என்னைக் கேட்காமல் என்னிடமிருந்து ஒன்றை எடுத்தது அன்றுதான்.

“அக்கா, இது உங்களுக்குத்தானாம்.”

அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தனக்கு விடிய வேலை இருக்கிறது என்றாள். பிறகு பொன்னாடையோடேயே கதிரையில் உட்கார்ந்து நோகிற காலைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் ஃப்ராவ் மோசரைத் தொலைபேசியில் பிடித்தேன். தெரிவானவர் வேண்டாம் என்று விலகினால் அடுத்த இடத்தில் இருப்பவர் வருவார், அதாவது நீங்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. இங்கிலாந்தில் இதெல்லாம் சர்வசாதாரணம். வாரிசு வயதுக்கு வரும்வரை ஆசனத்தைச் சூடாக வைத்திருக்க ஒரு ஆளை இருத்துவார்கள், பிறகு எழுப்புவார்கள். புனிதவதியிடம் சொன்னேன். என் வாக்குத்தான் வழிதவறி அவளிடம் வந்திருக்கிறது, அவள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன்.

“உங்களுக்கு ஆசையெண்டா எடுங்கோ. எனக்கென்ன,” என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வரியை ஜேர்மன் மொழியில் நானே எழுதி, கையெழுத்து இடத்தில் புள்ளிக்கோடும் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

அவள் அதில் கையெழுத்து வைப்பதற்கு முன் ஃப்ராவ் மோசர் பூச்செண்டோடு வந்துவிட்டார். கணுக்காலில் கட்டு இல்லை, ஆனாலும் வாசற்படியை உற்றுப் பார்த்துத்தான் ஏறினார். உள்ளே வந்ததும் “புனிதா” என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒரு மாதிரி இருந்தது. புனிதா யார் என்று கேட்காத குறை.

தேநீர் வைத்துவிட்டு நான் நடந்ததை விளக்கினேன். எங்கள் ஊர்ப் பெயர் முறை, அதிகாரி, பாஸ்போர்ட், நான் எழுதச் சொன்ன விதம் எல்லாம். இவள் வென்றது ஒரு தவறு, அந்தத் தவறும் என்னுடையது என்று சற்றுப் பெருமையோடேயே முடித்தேன். ஃப்ராவ் மோசர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: எங்கள் கட்சிப் பட்டியலில் கிடைத்ததைவிட மற்றக் கட்சிகளின் பட்டியல்களில்தான் இவளுடைய பெயரை அதிகம் எழுதியிருக்கிறார்கள். தங்கள் ஆளை வெட்டிவிட்டு இவளை எழுதியிருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இறந்துபோனவர்களின் பிள்ளைகள். ஃப்ராவ் மோசரின் தாயும் அங்கேதான் இருக்கிறார், மகளின் கட்சிக்கு ஆயுளில் ஒருநாளும் போடாதவர், இந்த முறை போட்டாராம், இவளுக்கு மட்டும். உங்கள் ஆட்களுடைய வாக்குகளை எல்லாம் எடுத்து உங்களுக்கே தந்தாலும் புனிதா வந்திருப்பாள் ஹெர் முருகேசு என்றார்.

தோற்றது பெரிதாக வலிக்கவில்லை. என் பிழை பெரிய பிழை, ஒரு தேர்தலையே புரட்டிய பிழை என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லையாம். ஆட்டிறைச்சி, கொத்துரொட்டி, குளம், பள்ளம் ஒன்றும் தேவைப்பட்டிருக்கவில்லை. அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அதுவே போதுமாக இருந்திருக்கிறது. இது வலித்தது, நன்றாக வலித்தது.

ஃப்ராவ் மோசர் போனபின் நாங்கள் இருவரும் மேசையில் இருந்தோம். பேனை அவள் பக்கத்தில் கிடந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, கேட்டேன்.

“இஞ்சாரும், உமக்குப் போக விருப்பமோ?”

அவள் கோப்பைகளை அடுக்கினாள். பிறகு சொன்னாள்.

“அங்க எல்லாரும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகினம். பிள்ளையளின்ர பேரை மறந்து போனதுகளும் என்ர பேரைச் சொல்லுதுகள். நீங்கள் ஒருக்காலும் சொன்னதில்லை. உங்கட பேரை ஒருத்தரும் சொல்லீனம் இல்லையெண்டு ஊரெல்லாம் கதைச்சுத் திரியிறீங்கள். அந்தப் பேரை இவ்வளவு காலமும் தோளில காவினது நான். நான் போறன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இஞ்சாரும் என்றால் இங்கே பாரும் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் கணவன் மனைவியைக் கூப்பிடுவது அப்படித்தான். மனைவி இஞ்சாருங்கோ என்பாள். அப்பா அப்படித்தான் கூப்பிட்டார், எனக்குத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் அப்படித்தான். அது மரியாதை என்றுகூடச் சொல்லிக்கொள்வோம். அன்று இரவு படுக்கையில் என் கைபேசியில் அவளுடைய இலக்கத்தை என்ன பெயரில் வைத்திருக்கிறேன் என்று பார்த்தேன். வீடு என்று இருந்தது. ஆங்கிலப் பிரபுக்கள் தங்கள் காணிக்கும் வீட்டுக்கும் ஆசையாகப் பெயர் வைப்பார்கள். நான் மனைவிக்கு வீடு என்று பெயர் வைத்திருந்தேன்.

மேசையில் கிடந்த தாளைக் கிழித்தது நான்தான். அதை ஒரு தியாகம்போல் சொல்லிக்கொள்ள இப்போதும் நாக்கு துடிக்கிறது, ஆனால் அதில் கையெழுத்து இல்லை, வெறும் கடதாசிதான்.

தை மாதம் முதற்கூட்டம். மேலே பார்வையாளர் மாடத்தில் நானும் லக்சாயினியும் றேமன்டும். றேமன்ட் கோட்டுக்குள் பொன்னாடையை மடித்து வைத்திருந்தான், நல்லவேளை எடுக்கவில்லை. புதிய உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். சபைத் தலைவர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்து, எழுத்தெழுத்தாக, ஒன்றையும் விழுங்காமல் சொன்னார்: சண்முகலிங்கம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருடக் காத்திருப்பு காலுக்குள் போய்விட்டது போல. சபை முழுக்க மேலே திரும்பிப் பார்த்தது. கீழே முன்வரிசையில் புனிதவதியும் எழுந்து நின்றாள். ஒரு பெயருக்கு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தோம். லக்சாயினி என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள். பக்கத்தில் இருந்த கிழவர் நீங்களும் உறுப்பினரா என்று கேட்டார். இல்லை, நான் அவளுடைய கணவன் என்றேன். அப்படியா, புனிதாவின் கணவரா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய மனைவியைக் கடைசிவரை பார்த்தது அவள்தானாம். என் பெயரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்ல நினைக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும், அதாவது லக்சாயினியும் றேமன்டும், கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். நான் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். புனிதவதி வீதிக்கு அந்தப் பக்கம் ஃப்ராவ் மோசரோடும் இன்னும் இரண்டு பேரோடும் கதைத்துக்கொண்டு நின்றாள். பஸ் வருவது தெரிந்தது. வழக்கமான சொல் வாய்க்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு, யாரும் கேட்டுவிடுவார்களோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன்.

“புனிதவதி.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கைப்பை தோளிலிருந்து நழுவியதையும் பார்க்காமல், பனியில் சறுக்கச் சறுக்க ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். முகம் வெளிறியிருந்தது.

“என்ன, ஆருக்கு என்ன நடந்தது? பிள்ளை எங்க?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மா கூப்பிட்டனான்.”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். பஸ் வந்து கதவைத் திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டு போயிற்று. நாங்கள் ஏறவில்லை.

“இன்னொருக்காக் கூப்பிடுங்கோ,” என்றாள்.